வந்தவங்கதான் ஊட்டுக்காரங்க

அக்காவின் வீட்டுக்குள் நான் முதன்முதலாகப் போனபோது, உட்காரச் சொல்வதற்கு முன்பே என் கையில் ஒரு முறத்தைக் கொடுத்தார். முறத்தில் பாதி உரித்த பட்டாணி இருந்தது. "நீ உரிச்சுட்டிரு கண்ணு, பால் பொங்கீரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் தோளில் ஆறு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். குடிவந்த முதல் நாளே ஒருத்தியிடம் இப்படி வேலை வாங்குவார்களா என்று எனக்குக் கோபம் வந்தது. உரிக்காமல் இருந்தால் மரியாதையாக இருக்காதோ என்றும் தோன்றியது. ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் உரித்தேன். வெளியே அவருடைய குரல் கேட்டது. பெட்டி இறக்கிக்கொண்டிருந்த என் கணவரிடம், "ஏனுங்க தம்பி, அந்தக் கேட்டைக் கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க, கீல் எறங்கிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கணவருக்கு வங்கியில் ஏற்காட்டுக்கு மாற்றலாகியிருந்தது. வாழவந்தி போகிற சாலையில், அவர் வீட்டின் பின்பகுதி எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. முன்பகுதியில் மூன்று அறைகள் இருந்தன. அவற்றைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுவார். இதெல்லாம் நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. நாங்கள் இப்போது வேறு ஊரில் இருக்கிறோம். அவரும் அந்த வீட்டை விட்டுவிட்டு ஓசூரில் தம்பியோடு இருக்கிறார். நன்றி என்று அவரிடம் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொன்னால் உடனே ஏதாவது வேலை கொடுத்துவிடுவார்.

ஊரில் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். நான் மட்டும் அக்கா என்று கூப்பிட்டேன். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். இளம் வயதில் கன்னியாஸ்திரீ ஆவதற்காக ஒரு மடத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளில் திரும்பிவிட்டவர். உடை போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. விவரம் தெரியாதவர்கள் அவரை நர்ஸ் என்று நினைத்து ஊசி போட்டுக்கொள்ள வந்து நிற்பார்கள். "ஊசி தெரியாதுங்க, கசாயம் வெக்கத் தெரியும். அந்த இஞ்சியை எடுத்துத் தட்டுங்க" என்பார். வந்தவர் தன் கசாயத்துக்குத் தானே இஞ்சி தட்டிவிட்டு, பக்கத்தில் இருமிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்.

மடத்திலிருந்து ஏன் வந்தார் என்பதற்கு அவரிடம் பல காரணங்கள் இருந்தன. எனக்குப் பிடித்தது இது:

"எனக்குக் கேட் டியூட்டி போட்டாங்க கண்ணு. மணி அடிச்சா யாருன்னு கேட்டு, அவசியம்னா மட்டும் உள்ள விடோணும். எனக்கு யாருன்னு கேக்கவே வராது. கதவைத் தெறந்த பொறவுதான் கேக்கலையேன்னு ஞாபகம் வரும். மதர் நொம்ப நல்லவங்க. ‘உனக்குத் தனியா ஒரு ஊடு வேணும் பிள்ளை, இந்த எடம் பத்தாது’ன்னு சொல்லி அனுப்பிவெச்சாங்க."

இன்னொரு நாள் கேட்டபோது, குரல் கட்டிக்கொண்டு பாட முடியாமல் போனதுதான் காரணம் என்றார். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. பாடினார் என்பது மட்டும் உண்மை. மடத்தில் பழைய லத்தீன் பாடல்களைப் பாடும் குழுவில் இருந்திருக்கிறார். அர்த்தம் தெரியாமல் பாடக் கூடாது என்று ஒரு வயதான சிஸ்டர் சொல்லுக்குச் சொல் விளக்கியிருக்கிறார். கிளம்பும்போது அந்த சிஸ்டர்தான் ஒரு லத்தீன் அகராதியையும் கொடுத்தாராம். அது சமையலறை அலமாரியில், துவரம்பருப்பு டப்பாவுக்கும் கடலைப்பருப்பு டப்பாவுக்கும் நடுவில் நின்றது. அட்டை இல்லை. ஒரே ஓர் இடத்தில் தானாகத் திறந்துகொள்ளும். மற்றப் பக்கங்களை அவர் புரட்டியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வந்து கொஞ்ச நாள் கழித்து, பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏங்க்கா, வர்றவங்ககிட்ட எல்லாம் வேலை வாங்குறீங்களே, அவங்க தப்பா நினைக்க மாட்டாங்களா?"

அவர் அகராதியை எடுத்தார். அது தானாகத் திறந்துகொண்டது.

"லத்தீன்ல ஹோஸ்பெஸ்னு ஒரு சொல்லு. என்ன அர்த்தம் போட்டிருக்குது பாரு. விருந்தாளி. சரியா? அடுத்ததைப் பாரு. விருந்தாளியை வெச்சுப் பாக்கிற ஊட்டுக்காரன். ரெண்டு பேருக்கும் ஒரே சொல்லு."

"அப்ப யாரைச் சொல்றாங்கன்னு எப்படித் தெரியும்?"

"எதுக்குத் தெரியோணும்? இன்னைக்கு நீ வந்திருக்கிற, நாளைக்கு உன் ஊட்டுக்கு நான் வருவேன். வந்தவங்கதான் ஊட்டுக்காரங்க. உக்காத்தி வெச்சுப் பலகாரம் குடுத்துட்டே இருந்தமுன்னா, கடைசி வரைக்கும் வெளியாளாவே இருந்துட்டுப் போயிருவாங்க. ஒரு வெங்காயம் உரிச்சாங்கன்னா இது அவங்க அடுப்பு."

அந்தச் சொல்லில் இருந்துதான் ஹாஸ்பிட்டல், ஹாஸ்டல், ஹோட்டல் எல்லாம் வந்தன என்றார். பழைய காலத்தில் ஹாஸ்பிட்டல் என்றால் வழிப்போக்கர்களும் இல்லாதவர்களும் தங்கிப்போகிற இடமாம். நோயாளிகள் பிற்பாடுதான் வந்தார்களாம். "ஹோட்டல்னா அவங்களுக்குத் தங்குற எடம். நம்ம ஆளுங்க கட்டிலைத் தூக்கி வெளிய போட்டுட்டு இலையை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. நமக்குச் சோறுதான முக்கியம்" என்று சிரித்தார்.

அவர் சொல்வது சரிதானா என்று நான் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். எதையும் ஒருமுறை சரிபார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் இருந்தது. ஹோஸ்திஸ். எதிரி. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் கெஸ்ட் என்கிறோமே, அதுவும் அந்தக் குடும்பம்தான். மறுநாள் காலையில் இதை எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, உங்க சொல்லுக்குப் பங்காளி ஒருத்தன் இருக்கான். எதிரி."

"தெரியும்" என்றார், தோசையைத் திருப்பிக்கொண்டே. "அந்த வரி மேல எண்ணெய் ஊத்திருச்சு. அதனால படிக்கிறதில்லை."

தோசையைத் தட்டில் போட்ட பிறகு மெதுவாகச் சொன்னார். "முதல்ல அந்தச் சொல்லுக்கும் வெளியூர்க்காரன்னுதான் அர்த்தம். பொறவுதான் எதிரின்னு ஆச்சு. சொல்லு மேல தப்பில்லை கண்ணு. சனங்க கதவைச் சாத்திச் சாத்தியே அவனை அப்படி ஆக்கிட்டாங்க."

அந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவள் நான்தான்.

சனி, ஞாயிறு வந்தால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்கள் வரும். யாராவது தும்முவார்கள். ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகும். பின்பக்கம் மிளகுக்கொடி பார்க்க வருகிறவர்கள் என் மகளைப் பார்த்துவிட்டால் கன்னத்தைக் கிள்ளக் கை நீட்டுவார்கள். நான் உள்ளே ஓடித் தாழ் போட்டுக்கொள்வேன். பால் புட்டியைக் கொதிக்க வைப்பேன். கொதித்தது போதுமா என்று மறுபடி வைப்பேன். சேலத்தில் இருந்த என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், வெற்றிலை போட்ட வாயோடு குழந்தைக்கு முத்தம் கொடுப்பார் என்பதற்காக அங்கே போவதையே குறைத்துக்கொண்டேன். குழந்தை பிறந்ததிலிருந்து நானில்லாமல் யார் கையிலும் அவளை ஒரு மணி நேரம் விட்டதில்லை. இப்படி இருப்பது சரியில்லை என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன செய்வது? விட்டுவிட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ற இடத்தில் என் படிப்பெல்லாம் நின்றுவிடும்.

அக்கா ஒருநாளும் என்னிடம் இது அதிகம் என்று சொன்னதில்லை. எங்கள் பகுதிக்குப் போகிற வழியில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தார். விருந்தினர் யாராவது அந்தப் பக்கம் நடந்தால், "ஏனுங்க, கையைக் கழுவிட்டுப் போங்க. அங்க ஊட்டுக்காரி வேற" என்பார். அந்த வார்த்தையை நான் தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன்.

அவருடைய வீட்டைப் பற்றி இணையத்தில் ஒருவர், ‘விடுமுறைக்குப் போய் வெங்காயம் உரித்தேன்’ என்று எழுதி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். கீழே இன்னொருவர் அதே வாக்கியத்தை எழுதி ஐந்து நட்சத்திரமும் போட்டிருந்தார். நான் படித்துக் காட்டியபோது அவர் இரண்டையும் சமமாகவே ரசித்தார். "ரெண்டு பேரும் உரிச்சிருக்காங்கல்ல?" என்றார்.

நானும் அவருக்கு ஒரு சொல் கொடுத்தேன் என்பதில் எனக்குச் சின்னப் பெருமை உண்டு. நான் தமிழ் இலக்கியம் படித்தவள். பழைய தமிழில் விருந்து என்றால் புதுமை என்று ஒருநாள் சொன்னேன். சாப்பாடு இல்லை, சொந்தக்காரரும் இல்லை. முன்பின் அறியாமல் புதிதாக வருகிறவர்தான் விருந்து. அவர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நாங்க ஒறம்பரைன்னு சொல்லுவம். ஒறம்பரைன்னா உறவு. ஊட்டுக்கு வந்துட்டாலே உறவாக்கிப்போடுவம். உங்காளுங்க புதுசாவே வெச்சிருக்காங்க. ரெண்டும் நல்லாத்தான் இருக்குது."

அந்த வாரம் முழுக்க காரிலிருந்து இறங்குகிறவர்களை எல்லாம் "வாங்க புதுசு, வாங்க" என்று வரவேற்றார். அவர்கள் முழித்தார்கள்.

எல்லாவற்றையும் அந்த ஒரே பக்கத்தில் அடக்கிவிடப் பார்ப்பார் என்பதையும் சொல்ல வேண்டும். மாதா கோயிலில் நற்கருணையாகக் கொடுக்கிற அப்பத்தை ஒஸ்தி என்கிறார்களே, அதுவும் இந்த ஹோஸ்பெஸ்ஸின் பிள்ளைதான் என்று அடித்துப் பேசினார். நான் தேடிப் பார்த்துவிட்டு, "இல்லைங்க்கா, அது ஹோஸ்தியா. பலின்னு அர்த்தம். வேர் வேறயாம், எதுன்னு உறுதியா தெரியலையாம்" என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "உன் செல்லு சொல்லுச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு அன்று மாலை வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று நான் இரண்டு தடவை காபி போட்டுக் கொண்டுபோனேன்.

மே மாதம் வந்தது. சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம். ஊரில் ஒரு லாட்ஜிலும் இடமில்லை. அவருடைய வீட்டில் மட்டும், வருவதாகச் சொன்ன ஒரு குடும்பம் வராததால் கடைசி அறை காலியாக இருந்தது. தனி வாசல் உள்ள மூலை அறை அது. அன்று அவர் மளிகை வாங்கச் சேலத்துக்குக் கிளம்பினார். சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து, "இன்னைக்கு ஊட்டுக்காரி நீதான் கண்ணு. யாராச்சும் வந்தா பாத்துக்க" என்றார். கணவர் வங்கிக்குப் போயிருந்தார். குழந்தை உள்ளே தூங்கினாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கேட்டில் ஒருவர் வந்து நின்றார். சாலையின் அந்தப் பக்கம் மரத்தடியில் அவர் மனைவி, சால்வையால் போர்த்திய ஒரு பெண் குழந்தையை அணைத்தபடி நின்றிருந்தார்.

"ஏனுங்க, ரூம் ஒண்ணு கெடைக்குமுங்களா? தர்மபுரிப் பக்கமுங்க. கோயிலுக்கு வந்தம். முதல்லயே சொல்லிப்போடறேனுங்க, அம்மா வந்திருக்காங்க."

தன் வயதான தாயாரும் வந்திருக்கிறார், கூட ஓர் ஆள் என்று முன்கூட்டியே சொல்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு நாணயமான மனிதர். எனக்கு மனம் இளகிவிட்டது.

"அம்மா வந்தா என்னங்க? அம்மாவையும் உள்ள கூட்டிட்டு வாங்க. மழையில நிக்க வைக்கலாமா?"

அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "எத்தனை எடத்துல கேட்டமுங்க. பஸ்லயும் ஏத்தலீங்க. ஒருத்தரும் இந்த வார்த்தை சொல்லலீங்க" என்றார். நான் எவ்வளவு மாறிவிட்டேன், இதைப் பார்க்க அக்கா இல்லையே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே மகிழ்ச்சி. இன்னும் கொஞ்சம் நன்றாக உபசரிக்கலாம் என்று தோன்றியது.

"அம்மாவுக்குக் கட்டில் சௌகரியப்படுமா, இல்லை கீழே படுத்துக்குவாங்களா?"

அவர் கொஞ்சம் குழம்பினார். "கீழ வேப்பந்தழை விரிச்சுப் படுக்க வெச்சாப் போதுமுங்க" என்றார்.

பெற்ற தாயை ஏன் வேப்பந்தழையில் படுக்க வைக்கிறார் என்று ஒரு கணம் நான் நிஜமாகவே யோசித்தேன். அதற்குள் அவர் மனைவி சாலையைத் தாண்டி வந்துவிட்டார். சால்வை விலகியது. எட்டு, ஒன்பது வயதுப் பெண். நெற்றி, கன்னம், கழுத்தெல்லாம் நீர் கோத்த கொப்புளங்கள். இடுப்பில் வேப்பிலைக் கொத்து. அம்மை போட்டால் அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் நம் ஊரில் சொல்வோம். பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சுதான். அந்த மழையில் அது என் காதில் ஏறவே இல்லை.

அவர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

நான் பின்னால் நகர்ந்தேன். சாவியைப் படிக்கட்டில் வைத்து, மூலை அறைக்குப் போகிற வெளிவழியைக் கையால் காட்டினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஓடிப்போய்ப் பின்பகுதியில் தாழ் போட்டுக்கொண்டு, கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு, அக்காவுக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"அம்மாவுக்குக் கட்டில் வேணுமான்னா கேட்ட?"

கடைவீதி இரைச்சலுக்கு நடுவே அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் அழ ஆரம்பித்ததும் நிறுத்தினார்.

"பாப்பா எங்க?"

"உள்ள. கதவைச் சாத்திட்டேன்."

"நல்லது. சாத்தியே வெய்யி. நான் அடுத்த பஸ்ல வந்துடறேன். அவங்களை என்ன பண்ணோணும், சொல்லு. போகச் சொல்லோணும்னா நான் வந்து சொல்லிக்கறேன். கெட்ட பேரு எனக்கே வரட்டும்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் மூலை அறையின் படியில் உட்கார்ந்து கன்னத்தைச் சொறியப் போனாள். அவள் அம்மா அந்த இரண்டு கைகளையும் தன் உள்ளங்கைக்குள் வாங்கிக்கொண்டு ஊதிவிட்டார். எனக்குப் பின்னால் தொட்டிலில் என் மகள் புரண்டாள். அவளுக்கு அம்மைத் தடுப்பூசி போடும் வயது இன்னும் வரவில்லை.

"வேண்டாங்க்கா. இருக்கட்டும்" என்றேன். சொன்ன மறுகணமே தப்புச் செய்துவிட்டேனோ என்று இருந்தது. பிறகுதான் தோன்றிக் கேட்டேன். "உங்களுக்கு அம்மை வந்திருக்காக்கா?"

"ஊர்ல எல்லாத்துக்கும் வந்ததுதான கண்ணு" என்று போனை வைத்தார்.

அக்கா வந்து எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டு அறையில் இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். ஒரு குடும்பம் உடனே கிளம்பிவிட்டது. இன்னொரு அறையில் இருந்த தம்பதி, எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது என்று தங்கிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அப்பா விறகு பிளந்தார். அம்மா சமையலில் உதவினார். படுத்திருந்த அந்தப் பெண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்து, பஸ் வந்தால் அறிவிக்க வேண்டும். "சிஸ்டரு, மாரமங்கலம் பஸ் வருது" என்று அவள் கத்துவதும், "வரட்டும் சாமி, ஆளு இறங்குதா பாரு" என்று இவர் அடுக்களையிலிருந்து கேட்பதும் என் சாத்திய கதவைத் தாண்டி வரும். கொப்புளங்கள் உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு அதற்குப் பிறகுதான் கஷ்டகாலம். சேலத்தில் பார்க்கிற குழந்தை டாக்டர், அம்மை தொற்றியிருந்தால் தெரிவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம், பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லியிருந்தார். தினமும் விடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தையின் சட்டையைக் கழற்றி, முதுகு, அக்குள், காதின் பின்புறம் என்று பார்ப்பேன். கொசு கடித்த ஒரு தடிப்புக்காக அரை நாள் அழுதிருக்கிறேன். கணவர் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே, "நீ அவளைப் பார்க்கிற பார்வையிலேயே அவளுக்குக் காய்ச்சல் வந்துடும்" என்பார்.

குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. வந்தது அக்காவுக்கு.

ஒருநாள் காலை முன்பக்கக் கதவு திறக்கவில்லை. தட்டினேன். ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, முகத்தைக் காட்டாமல் பேசினார். "கண்ணு, பாப்பாவைத் தூக்கிட்டு உங்க அத்தை ஊட்டுக்குக் கெளம்பு. இங்க நிக்காத."

டாக்டர் வந்து பார்த்தார். பெரியவர்களுக்கு இது கடுமையாகத்தான் இருக்கும், மாத்திரை எழுதித் தருகிறேன், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், யாராவது கூடவே இருங்கள் என்றார். யார் இருப்பது? பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா நின்றுவிட்டார். ஓசூர் தம்பி வீட்டில் கைக்குழந்தைகள். என் கணவருக்கு அம்மை வந்ததே இல்லை. எனக்கு வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்து, நெற்றியில் ஒரு குழி இன்னும் இருக்கிறது.

"நான் இருக்கேன்" என்றேன்.

"பாப்பா?" என்றார் கணவர்.

"அத்தைகிட்ட விட்டுட்டு, நீங்களும் அங்கயே தங்கி, பேங்குக்குப் போய் வந்துட்டிருங்க. நான் தொட்ட கையோட வந்து போக முடியாது."

அவர் என்னையே பார்த்தார். பாலை இப்படிக் காய்ச்ச வேண்டும், தூங்க வைக்கும்போது இடது பக்கம் சாய்த்து, என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அத்தை மூன்று பேரை வளர்த்தவர். வண்டி வளைவில் திரும்பும்போது குழந்தை அழவில்லை. கையைக் கூட ஆட்டினாள். நான் சமையலறையில் போய் நின்றேன். மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது.

அக்காவைப் போல மோசமான விருந்தாளியை நான் பார்த்ததில்லை. கஞ்சி கொடுத்தால் உப்பு பத்தவில்லை என்பார். உப்புப் போட்டால் இது கஞ்சியா கடல் தண்ணியா என்பார். படுக்கச் சொன்னால் எழுந்துபோய் விளக்குமாற்றை எடுப்பார். காய்ச்சல் நெருப்பாகக் கொதித்த நாட்களில் மட்டும் சும்மா இருந்தார். அப்போது சும்மா இருப்பதே எனக்குப் பயமாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன். காய்ச்சல் இறங்கிய ஒரு பகலில், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வந்திருக்குன்னு சொன்னீங்களேக்கா."

"ஊர்ல எல்லாத்துக்கும் வந்துச்சுன்னுதான சொன்னேன். எனக்குன்னு சொன்னனா?"

"ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா அவங்களை அனுப்பியிருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லலை." உதட்டில் இருந்த கொப்புளம் வலிக்க, மெதுவாகப் பேசினார். "அந்த ஆளு ஊரு பூராக் கேட்டு, கடைசியா ஒரு வார்த்தை கெடைச்சுச்சுன்னு கும்பிட்டான்னு சொன்னியே. நீ தெரிஞ்சு சொன்னியோ தெரியாம சொன்னியோ, சொன்னது ஊட்டுக்காரி. சாவி உன் கையில இருந்துச்சு. அதை நான் வந்து எப்படிக் கண்ணு இல்லைன்னு ஆக்குறது?"

"உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகலையே. அந்தத் தண்ணியை எடு."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். என் வாய் தவறியதற்காக ஒருவர் உடம்பைக் கொடுப்பது என்ன நியாயம்? இதை நான் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். ஒரு நாள் அது பெரிய மனசாகத் தெரிகிறது. இன்னொரு நாள் வீம்பாகத் தெரிகிறது. ஆனால் என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு சொல்லை, நானே நம்பாத ஒரு சொல்லை, அவ்வளவு உறுதியாக நம்பி நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அன்று அவருக்குத் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரை நான் கழுவப் போகும்போது, "நல்லாத் தேச்சுக் கழுவு. இது பாப்பா ஊடு" என்றார்.

அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள், துணிகளையெல்லாம் அலசிப் போட்டுவிட்டு, குளித்து, மாற்று உடை உடுத்தி, முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு ஒரே எண்ணம்தான். அத்தை வீட்டில் என்னென்ன தவறாக நடந்திருக்கும்? என்ன கொடுத்திருப்பார்கள்? யார் யார் தூக்கியிருப்பார்கள்?

அத்தை வீட்டு வாசலில், நான் முன்பின் பார்த்திராத ஓர் அம்மாவின் மடியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரராம். குழந்தையின் முடி எண்ணெய் மினுங்கச் சீவப்பட்டிருந்தது. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. கொஞ்சம் சதை கூடப் போட்டிருந்தாள். நான் கை நீட்டினேன். அவள் வரவில்லை. யாரோ என்று பார்த்தாள். என் முகத்தை, நெற்றியை, புடவையை நிதானமாகப் பார்த்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"அம்மா சாமி, உங்கம்மா" என்றார் அந்த அம்மா.

குழந்தை தன் கையைப் பார்த்தாள். அதில் எச்சில் ஊறிய பாதி பிஸ்கட் இருந்தது. ஓரத்தில் தரையின் மண் ஒட்டியிருந்தது. அதை என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். குழந்தை நலமா, எடை கூடியதா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"வாங்கித் தின்னியா?" என்றார்.

"தின்னேன்."

"மண்ணோடயா?"

"மண்ணோடதாங்க்கா."